ஹவுஸ் சர்ஜனுக்கு ஸ்டைபண்ட், வார்டு உதவியாளருக்கு ஃபீஸா? மருத்துவமனை அப்ரெண்டிஸ் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோடு வரை நடந்தால் போதும். மின்கம்பம், பெட்டிக்கடை ஷட்டர், ஷேர் ஆட்டோவின் பின்பக்கம் என எங்கும் ஒரே மாதிரி நோட்டீஸ்: "10-வது, பிளஸ் 2 பாஸ் / ஃபெயில். 6 மாத நர்சிங் பயிற்சி. 100% வேலை உறுதி. அட்மிஷன் நடைபெறுகிறது." கீழே ஒரு மொபைல் நம்பர்.

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண் அந்த நோட்டீஸை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். பிளஸ் 2-வில் பயாலஜி குரூப் படித்தவள். அப்பா இல்லை. அம்மாவுக்கு ஒரு கம்பெனியில் ஹவுஸ் கீப்பிங் வேலை. "அக்கா, நீங்க பேப்பர்லதான வேலை பாக்குறீங்க? இது ஒரிஜினலான்னு விசாரிச்சுச் சொல்லுங்க. அம்மா சீட்டு எடுத்துட்டாங்க" என்றாள். சீட்டுப் பணம் 40,000 ரூபாய். கோர்ஸ் ஃபீஸும் கிட்டத்தட்ட அதேதான்.

அந்த நம்பருக்கு போன் செய்தேன். "கவுன்சில் அப்ரூவல் இருக்கா?" என்று கேட்டதற்கு, "கவர்ன்மென்ட் ரிஜிஸ்டர்டு மேடம்" என்று பதில் வந்தது. எதில் ரிஜிஸ்டர் என்று இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகுதான் புரிந்தது, டிரஸ்ட் பதிவு எண்ணைச் சொல்கிறார்கள். டிரஸ்ட் பத்திரம் பதிந்து வைத்திருப்பது நர்சிங் சொல்லித் தருவதற்கான அங்கீகாரம் ஆகாது. பயிற்சி எங்கே என்று கேட்டால், பக்கத்தில் உள்ள சின்னச் சின்ன மருத்துவமனைகளில் "ப்ராக்டிகல்" என்றார்கள். அதாவது அங்கே போய் ஷிஃப்ட் பார்க்க வேண்டும். சம்பளம் கிடையாது. ஃபீஸ் மட்டும் நாம் கட்ட வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். 6 மாதத்தில் யாரும் நர்ஸ் ஆக முடியாது. இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரிக்கும் நர்சிங் படிப்புகளில் குறைந்த காலம் கொண்டது ஏ.என்.எம்., அதற்கே 2 ஆண்டுகள். ஜி.என்.எம். டிப்ளமோ 3 ஆண்டுகள். பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுகள்.

ஆனால் அந்த நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டு "ஏமாறாதீர்கள்" என்று முடித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. காரணம், மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே தொழில் கற்பது நல்ல யோசனைதான். நான்கு வருடம் ஃபீஸ் கட்டிப் படிக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் நடைமுறையில் சாத்தியமான வழியும்கூட. அந்த வழியை ஒழுங்காகத் திறக்க வேண்டியவர்கள் திறக்காததால், அதே யோசனையை நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் ஃபீஸ் வாங்கி விற்கிறார்கள்.

அப்ரெண்டிஸ் என்றால் சட்டப்படி என்ன?

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை இந்த ரயில் பாதையில் வளர்ந்தவர்களுக்கு 'அப்ரெண்டிஸ்' புது வார்த்தை இல்லை. ஐ.டி.ஐ. முடித்த அண்ணன்கள் மறைமலை நகர் கம்பெனிகளுக்கும் பெரம்பூர் ஐ.சி.எஃப்-க்கும் 'ஆக்ட் அப்ரெண்டிஸ்' போவதைப் பார்த்திருப்போம். அந்த 'ஆக்ட்', 1961-ம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம்.

சட்டம் சொல்வது சுருக்கமாக இதுதான். நிறுவனமும் பயிற்சி பெறுபவரும் ஓர் ஒப்பந்தம் போட வேண்டும். அது அரசிடம் பதிவாக வேண்டும். பயிற்சிக் காலத்தில் நிறுவனம்தான் பழகுநருக்கு மாதாந்திர உதவித்தொகை, அதாவது ஸ்டைபண்ட், தர வேண்டும். வேலை செய்யும் இடத்தில் காயம்பட்டால் இழப்பீடு உண்டு.

2019-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரெண்டிஸ் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் இருந்தால் விருப்பம். மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில், ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்து, 2.5 சதவீதம் முதல் 15 சதவீதம் வரை எடுக்கலாம். 200 பேர் வேலை செய்யும் ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொண்டால், குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 30 பேர்.

ஸ்டைபண்ட் எவ்வளவு? அதே 2019 விதிகளில், 10-ம் வகுப்பு முடித்தவருக்குக் குறைந்தது மாதம் 6,000 ரூபாய், பிளஸ் 2 முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இந்தத் தொகை போதாது என்பது அரசுக்கும் தெரியும். மத்திய தொழிற்பழகுநர் கவுன்சில் 2025 மே மாதம், 5,000 முதல் 9,000 வரை இருக்கும் இந்த வரம்பை 6,800 முதல் 12,300 வரை உயர்த்தப் பரிந்துரைத்தது. 2016-ல் தொடங்கிய தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ், ஸ்டைபண்டில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கிறது.

இதில் எந்த இடத்திலும் பயிற்சி பெறுபவர் ஃபீஸ் கட்ட வேண்டும் என்று இல்லை. பணம் நிறுவனத்திடமிருந்து பழகுநருக்குப் போகிறது. எங்கள் தெருப் பெண்ணின் நோட்டீஸில் அது நேர் எதிர்த் திசையில் போகிறது.

மருத்துவமனை வேலைக்கு இது இருக்கா?

இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஐ.சி.எஃப். 2024-ல் வெளியிட்ட அப்ரெண்டிஸ் அறிவிப்பைப் பாருங்கள். மொத்தம் 1,010 இடங்கள். ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், கார்பென்டர், பெயின்டர், மெஷினிஸ்ட் என்று நீளும் பட்டியலின் கடைசியில் இரண்டு வரிகள் வரும். மருத்துவ ஆய்வக டெக்னீஷியன் - ரேடியாலஜி: 5. மருத்துவ ஆய்வக டெக்னீஷியன் - பேத்தாலஜி: 5. பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். 15 மாதப் பயிற்சி. மாதம் 7,000 ரூபாய். எங்கள் தெருப் பெண்ணுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு வாய்ப்பு. ஆனால் 1,010-ல் பத்தே இடம்.

தெற்கு ரயில்வேயின் அப்ரெண்டிஸ் அறிவிப்புகளிலும் இதே ஆய்வக டெக்னீஷியன் பிரிவுகள் வருகின்றன. ரயில் பெட்டி செய்கிற, ரயில் ஓட்டுகிற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. நோயாளியைப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் மருத்துவமனைகளில் 'அப்ரெண்டிஸ் தேவை' என்ற போர்டை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இங்கே மருத்துவமனைக்குப் பஞ்சமே இல்லை. ஊரப்பாக்கத்திலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி பொத்தேரியில் எஸ்.ஆர்.எம்., பாதையின் முடிவில் 1965-ல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி, கேளம்பாக்கத்தில் செட்டிநாடு, ரத்தினமங்கலத்தில் தாகூர், மேல்மருவத்தூரில் ஆதிபராசக்தி என மருத்துவக் கல்லூரிகளே வரிசையாக இருக்கின்றன. ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் உள்ள நடுத்தர மருத்துவமனைகள், ஸ்கேன் சென்டர்கள், லேப்கள் தனிக் கணக்கு. இவை எல்லாவற்றிலும் ரத்தம் எடுக்க, படுக்கை மாற்ற, ஸ்ட்ரெச்சர் தள்ள, டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் நிற்க ஆட்கள் வேண்டும்.

தனியார் மருத்துவமனைகளுக்கும் சட்டத்தில் வழி உண்டு. சுகாதாரத் துறைக்கான திறன் கவுன்சில் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஃப்ளெபாட்டமிஸ்ட், டயாலிசிஸ் டெக்னீஷியன், எமர்ஜென்சி டெக்னீஷியன் போன்ற வேலைகளுக்கு, எதை எதைக் கற்க வேண்டும் என்ற தரவரையறை வைத்திருக்கிறது. அந்தத் தரத்தில் ஆளை அப்ரெண்டிஸாக எடுத்து, மத்திய அரசின் அப்ரெண்டிஸ் தளத்தில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாம். அப்படிச் செய்தால் ஸ்டைபண்ட் தர வேண்டும், சொல்லித்தர ஆள் நியமிக்க வேண்டும். 'ப்ராக்டிகல்' என்ற பெயரில் ஆள் சும்மாவே வந்தால் எதற்குச் செய்வார்கள்?

உயிர் விஷயத்தில் பழகிப் பார்க்கலாமா?

இதைப் பற்றிப் பேசினாலே வரும் முதல் எதிர்ப்பு இது. "வெல்டிங் தப்பாச்சுன்னா திரும்பப் பண்ணிக்கலாம். ஊசி தப்பாச்சுன்னா?" நியாயமான பயம்தான்.

ஆனால் டாக்டர்கள் எப்படி டாக்டர் ஆகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். பரீட்சை எல்லாம் முடித்த பிறகும் ஒரு வருடம் கட்டாயமாக ஹவுஸ் சர்ஜனாக வார்டு வார்டாகச் சுற்ற வேண்டும். மூத்தவர்கள் பக்கத்தில் நின்று தையல் போட, பிரசவம் பார்க்க, அவசர சிகிச்சையில் ராத்திரி முழுக்க விழித்திருக்கக் கற்க வேண்டும். அதற்கு ஸ்டைபண்ட் உண்டு. அது குறைவாக இருந்தாலோ தாமதமானாலோ அவர்கள் போராடவும் செய்வார்கள், சரியாகவே. இதற்கு நாம் அப்ரெண்டிஸ் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆக, பழகிக் கற்பது ஆபத்து என்றால் மருத்துவத் துறையே ஆபத்தில்தான் ஓடுகிறது. கண்காணிப்பு இல்லாமல் பழகுவதுதான் ஆபத்து. ஒரு ஹவுஸ் சர்ஜன் என்ன செய்யலாம், எதைத் தனியாகச் செய்யக் கூடாது, யாரிடம் கேட்க வேண்டும் என்பதற்கெல்லாம் வரையறை இருக்கிறது. '6 மாத நர்சிங்' மாணவிக்கு அப்படி எதுவும் இல்லை. சீனியர் நர்ஸ் லீவு போட்ட நாளில் ஊசி அவள் கைக்கு வந்துவிடும். தப்பு நடந்தால் மாட்டுவதும் அவள்தான்.

எனக்கு உறுத்துவது வேறொன்றும் இருக்கிறது. மருத்துவமனையில் மேல்தட்டில் இருப்பவர் கற்றுக்கொள்ளும்போது பணம் வாங்குகிறார். அடித்தட்டில் இருப்பவர் கற்றுக்கொள்ளும்போது பணம் கட்டுகிறார். இது சரி என்று யாராவது ஒரு காரணம் சொல்ல முடியுமா?

மதுரையில் நடந்தது

ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். குறைந்த செலவில் ஏராளமான கண்புரை அறுவை சிகிச்சை செய்வதற்காக உலகம் முழுக்கப் பேசப்படும் இடம் அது. அதன் பின்னால் இருப்பவர்களில் பெரும்பாலோர் டாக்டர்கள் இல்லை. கிராமங்களிலிருந்து வந்த, பிளஸ் 2 முடித்த பெண்கள்.

அங்கே அவர்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி. ஃபீஸ் கிடையாது, ஸ்டைபண்ட் உண்டு. பார்வைப் பரிசோதனை, கண்ணாடி பவர் பார்ப்பது, கண் அழுத்தம் அளப்பது, ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்வது, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் விளக்கிச் சொல்வது என ஒவ்வொருவரும் ஒரு பிரிவில் தேர்ந்தவராகிறார்கள். பயிற்சி முடிந்தால் அங்கேயே வேலை. டாக்டர் தன் நேரத்தை நோயறிவதற்கும் அறுவை சிகிச்சைக்கும் வைத்துக்கொள்கிறார். மற்ற எல்லாவற்றையும் இந்தப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பல ஊர்களுக்குப் பரவிய அரவிந்த், 2017-ல் சென்னை பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் மருத்துவமனை திறந்தது.

அரசின் 108 ஆம்புலன்ஸ் சேவையும் கொஞ்சம் இதே வகைதான். 2008-லிருந்து தமிழ்நாட்டில் ஓடும் அந்த வண்டியில் நம்மைத் தூக்கிப் போகும் மருத்துவ உதவியாளர், நர்சிங்கோ ஆய்வகப் படிப்போ உயிரியல் சார்ந்த பட்டமோ முடித்தவராக இருப்பார். ஆனால் அவசர சிகிச்சையை அவர் கற்பது, வேலைக்குத் தேர்வான பிறகு மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலும் கிடைக்கும் 50 நாள் பயிற்சியில்தான். விபத்து நடந்த ராத்திரியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் நாம் நம்புவது வேலையோடு சேர்த்துக் கற்ற அந்தக் கையைத்தான்.

ஆனால் மதுரையை அப்படியே ஊரப்பாக்கத்துக்குக் கொண்டுவர முடியாது. அரவிந்தில் பயின்ற பெண்ணுக்கு அரவிந்த் என்ற பெயரே பெரிய சான்றிதழ். 40 படுக்கை மருத்துவமனையில் பயின்ற பெண்ணுக்கு அந்தப் பெயர் கிடையாது. அவள் வேலை மாறும்போது, திருமணமாகி வேறு ஊருக்குப் போகும்போது, மேற்படிப்புக்குப் போக நினைக்கும்போது கையில் இருக்கும் காகிதம் செல்ல வேண்டும். அதைச் செல்ல வைப்பது சட்டத்தின் வேலை.

அங்கேதான் கதவு மூடியிருக்கிறது

2021-ல் நாடாளுமன்றம் ஒரு முக்கியமான சட்டம் நிறைவேற்றியது. துணை மருத்துவ மற்றும் சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். அதுவரை யார் வேண்டுமானாலும் 'லேப் டெக்னீஷியன்' என்று சொல்லிக்கொள்ள முடிந்த நிலையை மாற்ற வந்த சட்டம். டெக்னீஷியன் உள்ளிட்ட துணை மருத்துவப் பணியாளர் என்றால், 2 முதல் 4 ஆண்டுகளில், செமஸ்டர்களாகப் பிரிக்கப்பட்ட, 2,000 மணி நேரத்துக்குக் குறையாத டிப்ளமோ அல்லது பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்கிறது.

நோக்கம் நல்லது. போலி கோர்ஸ்களை வடிகட்ட இப்படி ஒரு கோடு தேவைதான். ஆனால் கோட்டை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஐ.சி.எஃப்-ன் 15 மாதப் பயிற்சியை ஒரு தோராயக் கணக்கில் வையுங்கள். மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 15 மாதத்தில் 3,000 மணி நேரம். சட்டம் கேட்கும் மணி நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஆனால் முடிவில் கையில் வருவது அப்ரெண்டிஸ் சான்றிதழ், டிப்ளமோ இல்லை. இரண்டு ஆண்டும் ஆகவில்லை, செமஸ்டரும் இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான்.

ஒரே வேலை, ஒரே மெஷின், ஒரே ரத்தம். அதைக் காலேஜ் வழியாகக் கற்றால் கணக்கில் வரும், வேலை வழியாகக் கற்றால் வராது. 1961 சட்டம் "வா, கற்றுக்கொள்" என்கிறது. 2021 சட்டம் "கற்றது போதாது" என்கிறது. இரண்டும் இந்தியாவின் சட்டங்கள்தான், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. நம் தாத்தா காலத்துக் கம்பவுண்டரை நினைத்துப் பாருங்கள். டாக்டரிடம் சேர்ந்து, பாட்டில் கழுவி, மருந்து கலக்கப் பழகி வந்தவர்களில் எத்தனையோ பேர் உண்டு. 1948-ல் மருந்தாளுநர் சட்டம் வந்து, பதிவு கட்டாயம் என்று ஆனபோது, அவர்களைத் தெருவில் விடவில்லை. மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ 5 ஆண்டுகள் மருந்து கலந்த அனுபவம் இருந்தால், டிப்ளமோ இல்லாவிட்டாலும் முதல் பதிவேட்டில் பெயர் சேர்க்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. கையால் கற்றதையும் கற்றதாக ஏற்றுக்கொண்ட சட்டம் அது. சுதந்திரம் வந்த அடுத்த வருடமே நம்மால் அது முடிந்திருக்கிறது.

ஜெர்மனிக்கு ஏன் போகிறார்கள்?

இன்ஸ்டாகிராமில் 'ஆஸ்பில்டுங்' ரீல்ஸ் பார்க்காதவர்கள் குறைவு. ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டு நர்சிங் பயிற்சிக்கு அங்கே போவது இன்று தமிழ் இளைஞர்களுக்கு ஒரு கனவு. என்ன மாயம் அதில்?

மாயம் ஒன்றும் இல்லை. 2020 ஜனவரியில் அமலுக்கு வந்த ஜெர்மன் சட்டப்படி, நர்சிங் பயிற்சி 3 ஆண்டுகள். 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் வேலைப் பயிற்சி. பயிற்சிக் காலத்தில் மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் ஊதியம். முடிவில் அரசுத் தேர்வு, அதில் தேறினால் நாடு முழுக்கச் செல்லும் தகுதி. இங்கிலாந்திலும் 2017-லிருந்து, வேலை பார்த்துக்கொண்டே நர்சிங் பட்டம் வாங்கும் அப்ரெண்டிஸ் முறை இருக்கிறது. காலேஜில் படித்தவருக்குக் கிடைக்கும் அதே பதிவு அவருக்கும் கிடைக்கிறது.

இரண்டு நாடுகளிலும் வார்டில் செலவிட்ட மணி நேரம், தகுதிக்கான கணக்கில் எழுதப்படுகிறது. அங்கே எல்லாம் சரி என்று சொல்லவில்லை. வேலைப்பளு, தனிமை, மொழிச் சிக்கல் எல்லாம் உண்டு. ஆனால் மூன்று வருடம் கழித்து "நீ கற்றது செல்லாது" என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

மலிவான ஆளாக ஆக்கிவிட மாட்டார்களா?

இந்தப் பயம் எனக்கும் உண்டு. அப்ரெண்டிஸ் என்பவர் சட்டப்படி பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி இல்லை. தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தாது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. நிரந்தர ஆளை எடுக்காமல் வருடா வருடம் புது அப்ரெண்டிஸை வைத்து ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடும் முதலாளி நிச்சயம் இருப்பார். தொழிற்சாலைகளில் பார்த்த கதைதான்.

ஆனால் இன்று இருப்பது என்ன? ஒப்பந்தம் இல்லை, ஸ்டைபண்ட் இல்லை, எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, சான்றிதழுக்கு மதிப்பு இல்லை. பதிவான அப்ரெண்டிஸ் முறையில் 15 சதவீதம் என்ற உச்ச வரம்பாவது இருக்கும், காயத்துக்கு இழப்பீடாவது இருக்கும். எதுவுமே இல்லாத இடத்திலிருந்து ஏதோ இருக்கிற இடத்துக்குப் போவது முதல் படி. அங்கே நின்றுவிடக் கூடாது என்பது சரி.

அதனால் நான் கேட்பது மூன்று விஷயங்கள்.

ஒன்று, மணி நேரக் கணக்கு. பதிவான அப்ரெண்டிஸாக ஒருவர் மருத்துவமனையில் செலவிட்ட நேரத்தை டிப்ளமோவுக்கான 2,000 மணி நேரத்தில் கழித்துக்கொள்ள தேசிய ஆணையமும் மாநில கவுன்சிலும் வழி செய்ய வேண்டும். மீதி வகுப்பை வார இறுதியிலோ ஆறு மாதத்திலோ முடித்து, அதே பரீட்சை எழுதட்டும். பரீட்சையில் சலுகை வேண்டாம். கற்ற நேரத்தை அழிக்காமல் இருந்தால் போதும்.

இரண்டு, அரசு மருத்துவமனைகள் முதலில் தொடங்கட்டும். ரயில் பெட்டித் தொழிற்சாலை பத்து பேருக்குச் சொல்லித்தர முடியும் என்றால், மாவட்டங்களில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகள் எத்தனை பேருக்குச் சொல்லித்தர முடியும்? செங்கல்பட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். 30 பேருக்கு மேல் வேலை செய்யும் தனியார் மருத்துவமனைகள், எத்தனை அப்ரெண்டிஸ் எடுத்தோம் என்பதை வாசலில் எழுதிப் போடட்டும்.

மூன்று, பாதுகாப்பு. ஒவ்வொரு அப்ரெண்டிஸுக்கும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் ஒரு சீனியர். வார்டில் கால் வைக்கும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்ற எழுத்துப்பூர்வமான பட்டியல். நைட் ஷிஃப்ட்டில் தனியாக விடக் கூடாது. இந்த வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள் என்பதால், இது நோயாளிக்கு மட்டுமில்லை, அவர்களுக்கும்தான் பாதுகாப்பு.

சேரும் முன் நீங்கள் கேட்க வேண்டியவை

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இப்படி ஒரு நோட்டீஸோடு வந்தால், இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

1. பணம் யார் யாருக்குத் தருகிறார்கள்? அப்ரெண்டிஸ் என்று சொல்லி உங்களிடம் ஃபீஸ் கேட்டால், அது அப்ரெண்டிஸ் இல்லை.

2. ஒப்பந்தம் மத்திய அரசின் அப்ரெண்டிஸ் தளத்தில் பதிவாகுமா? பதிவு எண் தருவார்களா?

3. அங்கீகாரம் யாருடையது? டிரஸ்ட் பதிவு, சொசைட்டி பதிவு, ஐ.எஸ்.ஓ. சான்று இவை எதுவும் அங்கீகாரம் ஆகாது. நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும்.

4. சான்றிதழில் என்ன வேலையின் பெயர் இருக்கும்? 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' என்பது நோயாளியைப் பராமரிக்க உதவும் வேலை. அது நர்ஸ் இல்லை. இரண்டையும் ஒன்று என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

5. இதற்கு அடுத்த படி என்ன? இந்தச் சான்றிதழை வைத்து எந்த டிப்ளமோவில் சேரலாம்? பதில் மழுப்பலாக வந்தால், படியே இல்லை என்று அர்த்தம்.

எங்கள் தெருப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். பணத்தைக் கட்ட வேண்டாம் என்றேன். அரசுக் கல்லூரிகளில் இருக்கும் டிப்ளமோ நர்சிங்குக்கும் ஆய்வக டெக்னீஷியன் டிப்ளமோவுக்கும் விண்ணப்பம் வரும்போது போடச் சொன்னேன். ஐ.சி.எஃப். அறிவிப்பையும் பார்க்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அம்மாவின் சீட்டுப் பணம் இன்னும் அப்படியே இருக்கிறது.

"அதெல்லாம் எப்பக்கா வரும்? அதுவரைக்கும் சும்மா வீட்ல இருக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குத் தேதி சொல்லத் தெரியவில்லை. சீட் எத்தனை, கட் ஆஃப் என்ன வரும், பத்து இடத்துக்கு எத்தனை ஆயிரம் பேர் போட்டி போடுவார்கள் என்றும் தெரியாது. மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு நடந்தபோது பழைய நோட்டீஸ் மேல் புது நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. "அட்மிஷன் நடைபெறுகிறது."